நாக்கில் ஒட்டும் பிஸ்கட்

பீங்கான் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களில் ஒவ்வொருத்தியையும் யாராவது நாக்கை நீட்டச் சொல்லியிருப்பார்கள். முதல் சூடு முடிந்து சூளையிலிருந்து வந்த வெள்ளைச் சில்லு ஒன்றை நாக்கு நுனியில் வைத்து, "பிஸ்கட்டு சாப்புடு" என்று சொல்லியிருப்பார்கள். சில்லு நாக்கோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். நீங்கள் முழிப்பீர்கள், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். பிறகு நானும் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். அது வெறும் கேலி இல்லை. ஒரு தரம் சுட்ட மண்ணுக்குத் தாகம் இருக்கிறது என்று வாயால் சொன்னால் மறந்துபோகும். நாக்கில் வைத்தால் மறக்காது.

சுடாத பச்சை மண்ணாக இருக்கும்போது தண்ணீரில் போட்டால் கரைந்துபோகும். பளபளப்புக்குக் கிளேஸ் பூச்சில் முக்கி இரண்டாம் தரம் சுட்டுவிட்டால் கண்ணாடி மாதிரி ஆகி எதையும் உள்ளே விடாது. நடுவிலே இருக்கிற அந்த ஒரு நிலையில்தான் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். அதைத்தான் நாம் பிஸ்கட் என்கிறோம். அந்தப் பேரை யார் வைத்தார்களோ எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் போவேன். ஆனால் விருத்தாசலத்தில் கிளேஸ் முக்குகிற கைகளில் என் கை எப்படிப்பட்ட கை என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

வேலையை விட்டு வீட்டில் இருந்த என்னை, போன வருஷம் நம்ம முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மண்ணில் ஓடு செய்து கொண்டுவந்திருக்கிறார்கள், ஒன்று சப்பாத்தி மாதிரி இருக்கிறது, ஒன்று செங்கல் மாதிரி இருக்கிறது, உடையாமல் சுட்டுக் கொடுக்கப் பொறுமையான ஆள் வேண்டும் என்றார். பொறுமை என்று சொன்னதால் போனேன்.

அந்தப் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் ஒரு காரியம் ஆரம்பித்திருந்தார். பிள்ளைகள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்களோ, அந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். கேட்டதை ஒரு ஓட்டில் படமாக வரைய வேண்டும். தெருவுக்கு ஒரு ஓடு. எல்லாவற்றையும் சேர்த்துப் பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் பதிக்கப்போகிறார்கள். கேட்டதும் எனக்கே ஆசையாகிவிட்டது. ஒரே ஊரில் இத்தனை காலம் நடந்திருக்கிறேன், ஒரு தெருவையாவது நின்று உனக்கு ஏன் இந்தப் பேர் என்று கேட்டிருக்கிறேனா?

பிள்ளைகள் கொண்டுவந்த கதைகளைக் கேட்க வேண்டுமே. ஏழு வூட்டுத் தெருவில் இப்போது எண்ண முடியாத வீடு. அதில் அந்த ஏழு எது என்று கேட்டதற்கு, போன வீட்டிலெல்லாம் "எங்க வூடுதான் மொதல்ல வந்துச்சு" என்றார்களாம். கடைசியில் பிள்ளைகள் ஏழு வீட்டையும் வட்டமாக வரைந்துவிட்டார்கள். வட்டத்தில் முதல் வீடு எது என்று யார் சண்டைக்கு வருவது?

ஓடுகள் முதல் சூட்டிலேயே உடையாமல் வந்தன. பிள்ளைகள் யூனிட்டுக்கே வந்து உட்கார்ந்து கலர் தீட்டினார்கள். அந்த மதியம்தான் யாழினி என்ற பெண், நான் அடுக்கி வைத்திருந்த கப்புகளைப் பார்த்து இது என்ன ஆயா என்று கேட்டாள். பிஸ்கட் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விடுவேனா? வரிசையாக நிற்கவைத்து நாக்கை நீட்டச் சொன்னேன். சில்லு ஒட்டிக்கொண்டு தொங்கியதும் ஒரே கூத்து. அந்தப் பெண் மட்டும் சில்லை நாக்கிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஆயா, எங்க தெரு பேரு பிஸ்கட்டுத் தெரு. அது இந்த பிஸ்கட்டா, அந்த பிஸ்கட்டா?"

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இந்த பிஸ்கட்தான் என்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே தெருவே கிடையாது. வேலி காத்தான் முள்ளும் வெற்று நிலமும். முதல் சூட்டில் உடைந்த கப்பு, ஓடு எல்லாவற்றையும் கூடையில் சுமந்துபோய் அங்கேதான் கொட்டுவோம். பிஸ்கட்டு மேடு என்போம். வெயிலில் தூரத்திலிருந்தே பளீரென்று தெரியும். பிறகு மேட்டை நிரவி வீடு கட்டினார்கள், மேடு தெருவாகிவிட்டது. தலைமேல் சுமந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். டிராயிங் டீச்சர் முகம் மட்டும் மாறிவிட்டது. ஏனென்றால் பிஸ்கட் தெரு ஓட்டில் அவர்கள் ஏற்கெனவே படம் தீட்டி முடித்திருந்தார்கள். பெரிய பேக்கரி அடுப்பு, அதன் வாயில் சிவப்பாக நெருப்பு, முன்னால் நீளமான மரத் துடுப்போடு லுங்கி கட்டிய ஒரு மனிதர். அது எஸ்தருடைய அப்பா. எஸ்தர் அந்தத் தெரு முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறவள், என்னைவிட ரொம்பச் சின்னவள். அவள் அப்பா அங்கே பேக்கரி வைத்திருந்தார், அவர் சுட்ட பிஸ்கட்டால்தான் தெருவுக்கே பேர் வந்தது என்று அவள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். தெருவில் பாதிப் பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

டீச்சர் ஹெட்மாஸ்டருக்கு, பெரிய சாருக்கு, போன் போட்டார். பெரிய சார் நல்ல மனிதர், ஆனால் எதிலும் ஒரு பதில்தான் இருக்க வேண்டும் அவருக்கு. சுவரில் பதித்த பிறகு தப்பு என்று யாராவது சொன்னால் பள்ளிக்கூடத்துக்குத்தானே கெட்ட பேர், அந்த அம்மா நேரில் பார்த்தவர்கள் என்றால் அதையே வரையுங்கள், பேக்கரியைத் துடைத்துவிடுங்கள் என்றுவிட்டார். மறுநாள் சாயந்திரம் சரக்கு அடுக்கிச் சூளையை அடைக்கிறார்கள். முதலாளி தன் சரக்குக்கு நடுவில் ஒரு தட்டு மட்டும்தான் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருந்தார். அது போனால் மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சுவர் திறப்புக்கு ஆட்களையும் கூப்பிட்டுவிட்டார்களாம்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் அந்த ஓட்டைத் தனியாக எடுத்து வைத்தேன். பிஸ்கட்டின் மேல் தீட்டின கலரை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் முக்கால்வாசி போய்விடும், இலேசாகக் கறை நிற்கும். உங்களுக்கும் தெரிந்ததுதான். பஞ்சை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே எஸ்தர் வந்து நின்றாள். பிள்ளைகள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி அவள் கடைக்குப் போய்விட்டிருந்தது.

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்து, ஓட்டைப் பார்த்தாள். என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள்.

"யக்கா, எங்கப்பாவத் தொடைக்கப் போறீங்களாமே?"

நான் பார்த்ததைத்தான் சொன்னேன் என்றேன். அங்கே மேடு இருந்தது, நான் சுமந்து கொட்டினேன் என்றேன்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. நான் பொறந்து கண்ணு முழிக்கறப்பவே எங்க அடுப்பு அங்க இருக்குது. மேடு எதையும் நான் பாக்கல. கடைய அண்ணனுங்க வித்துட்டாங்க. அடுப்பப் பிரிச்சுட்டு வாங்குனவங்க மாடி கட்டிட்டாங்க. கல்லறைல சிமெண்ட்டுல எழுதுன பேரும் அழிஞ்சு போச்சு. இந்தப் புள்ளைங்கதான் வந்து உங்கப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டாங்க. வேற யாரும் கேட்டதே இல்ல."

இவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இங்கே உங்களுக்கு ஒரு பழைய ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இருந்த சூளை மேஸ்திரி. பேர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. ஒரு தரம் தட்டுத் தட்டாகக் கப்புகள் வாய் கோணி வந்தன. அப்போதிருந்த முதலாளி எங்களைத்தான் பிடித்தார். மோல்டிலிருந்து எடுக்கும்போது அழுத்திவிட்டீர்கள் என்று ஒரே சத்தம். நாங்கள் நீதான், நீதான் என்று ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி கோணின கப்புகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். யார் செய்தது என்று கேட்கவே இல்லை. "இதெல்லாம் உள்ள எந்த எடத்துல நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மூலையில் நின்றவை. அந்த மூலையில் சூளைச் செங்கல் விரிசல் விட்டுக் காற்றுப் போய்க்கொண்டிருந்தது. விரிசலைப் பூசினார், அடுத்த சுமை நேராக வந்தது.

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. எஸ்தர் முன்னால் நிற்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது. மதியத்திலிருந்து எல்லாரும் எது நிஜம், யார் சொல்வது சரி என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு பேக்கரிக்காரர், கடைத்தெருவை விட்டுவிட்டு, உடைசல் கொட்டுகிற இடத்தில் வந்து ஏன் அடுப்புப் போட்டார்? அதை நானும் கேட்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.

பஞ்சைக் கீழே வைத்தேன். "உங்கப்பா அடுப்ப எதுல கட்டுனாரு எஸ்தரு?" என்றேன்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. வெளியில் செங்கல், உள்ளே தரைக்கு வெள்ளைப் பலகை மாதிரி போட்டிருந்தது, கடையில் வாங்கினதாகத் தெரியவில்லை என்றாள். பிரிக்கும்போது ஒன்றை மட்டும் அவள் எடுத்து வைத்திருக்கிறாள். எங்கே என்றேன். வீட்டில் தண்ணிக் குடத்துக்கு அடியில் என்றாள்.

பொழுது சாய்வதற்குள் போய்விட்டோம். குடத்தை நகர்த்தி, பலகையைத் தூக்கித் திருப்பினேன். இரண்டு கை அகலம், கனமான ஓடு. ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் கன்னங்கரேல் என்று, எண்ணெய் ஊறி, பளபளவென்று. ரொட்டி வெந்த பக்கம் அது. கையில் எடுத்ததுமே எனக்கு நம்ம சரக்கு மாதிரிதான் தோன்றியது. ஆனால் மதியம் தோன்றியதையெல்லாம் வாயால் சொல்லித்தான் இவ்வளவு ஆகியிருக்கிறது. அதனால் வெள்ளைப் பக்கத்தில் நாக்கை வைத்தேன்.

ஒட்டவில்லை.

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு தரம் நக்கிப் பாருங்கக்கா, இனிப்பா இருக்கப் போவுது" என்றாள். மறுபடி வைத்தேன். ஒட்டவில்லை. எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இத்தனை வருஷம் குடத்துக்கு அடியில் இருந்து தண்ணீர் குடித்து நிறைந்துபோயிருக்கிறது. தாகம் தீர்ந்த மண் எப்படி நாக்கைப் பிடிக்கும்? காயவைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

அவள் பலகையை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒட்டுச்சுன்னா எங்கப்பா பேரு போயிடுமாக்கா?"

"தெரியல. பாப்போம்."

அந்த நேரத்தில் வேறு எதைச் சொன்னாலும் அவள் மனசு ஆறியிருக்கும். ஆறுவதற்காகச் சொன்னதாகத்தான் இருந்திருக்கும். நீங்களும் இதை வைத்துக்கொள்ளுங்கள். சூளைக்குள் இருக்கிற சரக்கைப் பற்றிக் கேட்டால், நன்றாகத்தான் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எஸ்தரே பலகையைக் கொடுத்தாள். முந்தின சுமை ஆறிக்கொண்டிருந்த சூளைக்கு மேலே, சூடு மெதுவாக ஏறுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் நான் வருவதற்கு முன்பே எஸ்தர் கடையைத் திறக்காமல் வந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பிள்ளைகளோடு வந்தார். பெரிய சாரும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். முடிவு என்னம்மா என்றார். முடிவு என்னிடம் இல்லை சார், நாக்கை நீட்டுங்கள் என்றேன். பிள்ளைகள் முன்னால் அவருக்குக் கூச்சம். ஆனாலும் பார்க்கிற ஆவல் இருந்தது. கைக்குட்டையால் பலகையைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பக்கத்தில் வைத்தார். கெட்டியாக ஒட்டிக்கொண்டது. பிடுங்கினதும் தானாகவே திருப்பிக் கறுப்புப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். அது ஒட்டவில்லை. வருஷக்கணக்காக டால்டா குடித்த பக்கம், இனி எதையும் குடிக்காது.

வெள்ளைப் பக்கம் எங்கள் மேட்டு உடைசல். கறுப்புப் பக்கம் எஸ்தருடைய அப்பா. ஒரே பலகை.

"இப்பத் தெரியுது," என்றேன். "சூடு தாங்கற ஓடு சும்மா கெடைக்குதுன்னுதான் உங்கப்பா இங்க வந்திருக்காரு."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கணக்கில் தோற்றுவிட்டாள். மேடுதானே முதலில், பேரும் மேட்டினுடையதுதானே? பெரிய சாரும் அப்போ துடைச்சுடலாம் இல்ல என்பது மாதிரி டீச்சரைப் பார்த்தார். அப்போது யாழினிதான் எஸ்தரிடம் போய், உங்கப்பா பிஸ்கட் சுட்டாரா இல்லையா என்று நேராகக் கேட்டுவிட்டாள்.

"ஏன் சுடல? சுட்டாருடி," என்றாள் எஸ்தர். "மொதல்ல பன்னும் ரொட்டியும்தான். பஸ்ஸ வுட்டு எறங்கறவங்க எல்லாம் பிஸ்கட்டு மேடு எங்கன்னு கேட்டு வருவாங்க, வந்து பாத்தா எங்க கடை. பிஸ்கட்டு குடுன்னுவாங்க. இல்லன்னா நம்ப மாட்டாங்க. அப்புறம் எங்கப்பாவே செய்ய ஆரம்பிச்சுட்டாரு. மாவு பெசையறப்ப எல்லாம் அதையே சொல்லிக்கினு இருப்பாரு, 'பேரு வெச்சவன் வெச்சுட்டுப் போயிட்டான், சுடறது நானால்ல இருக்குது' ன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டிருக்கிறாள். ஏதோ சலிப்பில் பேசுகிறார் என்றே நினைத்திருந்தாளாம். பேர் முதலில் வந்து, அந்தப் பேரைக் காப்பாற்ற ஒரு மனிதர் பிஸ்கட் சுட்டார் என்று அவள் அப்பா தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பெரிய சார் பலகையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ தொடைக்க வேணாம். இதுல எடம் இருக்குதா பாருங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னார். இடம் இருந்தது. அடுப்புக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு மேடு வந்தது. மேட்டின் மேல் தலையில் கூடையோடு ஒரு பெண்ணும் வந்தாள். அது யார் என்று நான் கேட்கவில்லை. மூக்கு மட்டும் என்னுடையது மாதிரி இருந்தது. நானே கிளேஸ் முக்கினேன். அன்று சாயந்திரமே சூளைக்குள் போனது. நல்லபடியாக வந்தது.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொன்னது தப்பு இல்லை. மேடு இருந்தது, சுமந்தேன். ஆனால் சரியான பதில் கையில் இருக்கும்போதுதான் கை சீக்கிரம் பஞ்சுக்குப் போகிறது. கிளேஸ் போட்டுச் சுட்ட பிறகு யோசித்து என்ன பிரயோஜனம்? சரக்கு பிஸ்கட்டாக இருக்கும்போதே, இது எங்கே நின்றது, எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கூடக் கேட்டுவிடுங்கள். குடிக்கிற வரைக்கும் குடிக்கட்டும்.

எஸ்தர் தன் பலகையைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டாள். உடைக்கக் கூடாது என்பது மட்டும் அவள் பேச்சு. கொத்தனார் அதைத் தெரு ஓட்டுக்குப் பக்கத்தில், பாதி சுவருக்குள்ளும் பாதி வெளியிலுமாக, மேலே வெள்ளையும் கீழே கறுப்பும் தெரிகிற மாதிரி பதித்தார். இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கு ஒரு புதுத் தொல்லை. இன்டர்வெல் விட்டால் பிள்ளைகள் சுவரை நக்கப் போய்விடுகிறார்களாம்.

சுவர் திறந்த அன்று கூட்டமெல்லாம் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான் நின்றிருந்தோம். எஸ்தர் படத்தைப் பார்த்தாள், துடுப்பைப் பார்த்தாள், அப்பாவுடைய லுங்கிக் கட்டம் சரியாக வந்திருக்கிறது என்றாள். பிறகு தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பேரன் எடுத்தவள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் குனிந்து, பலகையின் வெள்ளைப் பக்கத்தில் நாக்கை வைத்தாள்.

"என்னா, ஒட்டுதா?" என்றேன்.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.